அப்பா கையெழுத்துப் போடவேண்டிய காகிதம்

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 71. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று வருடத்துக்கு முன்னால் புராஸ்டேட் புற்றுநோய் என்று தெரிந்தபோதே முதுகெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் பரவியிருந்தது. விரைகளை நீக்கினார்கள். ஒன்றரை வருடம் நன்றாக இருந்தார். அப்புறம் அபிராடெரோன் மாத்திரை. இப்போது அதுவும் கேட்கவில்லை; நோயின் போக்கைக் காட்டும் பிஎஸ்ஏ என்ற ரத்தப் பரிசோதனை எண் 6இலிருந்து 94க்கு ஏறிவிட்டது. கீமோ கொடுக்கலாம் என்றார் டாக்டர். கூடவே, ஓர் ஆய்வு நடக்கிறது, சேர்ந்தால் டோசிடாக்ஸெல் என்ற கீமோ ஊசியோடு ஒரு புதிய மாத்திரையோ அதே மாதிரி இருக்கும் மருந்தில்லாத மாத்திரையோ கொடுப்பார்கள், எது என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்யும் என்றும் சொன்னார். 24 பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்து வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். "அப்பாவைச் சோதனை எலி ஆக்கப் பார்க்கிறார்கள்" என்கிறான் அண்ணன். எனக்கோ, புதிய மருந்து கிடைக்கும் வாய்ப்பை விட்டுவிடக் கூடாதே என்று இருக்கிறது. இன்னொன்று. அப்பாவிடம் புற்றுநோய் என்று நாங்கள் சொல்லவில்லை. புராஸ்டேட் வீக்கம், எலும்புத் தேய்மானம் என்று சொல்லி வைத்திருக்கிறோம். போன வாரம் "என் ஃபைலைக் கொஞ்சம் குடு" என்று கேட்டார். பீரோ சாவி காணோம் என்று சொல்லிவிட்டேன். படிவத்தில் நானே கையெழுத்துப் போட்டால் போதாதா?
— ஒரு வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: கடைசியாகக் கேட்டதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன். போதாது. உங்கள் அப்பா நினைவு தெளிவாக இருக்கும்வரை அந்தப் படிவத்தில் அவரைத் தவிர வேறு யார் கையெழுத்தும் செல்லாது. நீங்களோ அண்ணனோ அம்மாவோ பக்கத்தில் உட்காரலாம், கேள்வி கேட்கலாம், அவ்வளவுதான். இதற்குத் திரும்ப வருகிறேன். அதற்கு முன் அண்ணன் சொல்லும் எலியையும் நீங்கள் சொல்லும் வாய்ப்பையும் பார்த்துவிடலாம். இரண்டுமே பாதி சரி, பாதி தப்பு.

புராஸ்டேட் புற்றுநோய் ஆண் ஹார்மோனைத் தின்று வளர்வது. விரைகளை நீக்கினாலே பரவிய நோய் அடங்குகிறது என்று 1941இல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் காட்டினார். 1966இல் அதற்காக நோபல் பரிசும் வாங்கினார். உங்கள் அப்பாவுக்குச் செய்தது அந்தப் பழைய வைத்தியம்தான், இன்றைக்கும் செல்லுபடியாகிறது. சிக்கல் என்னவென்றால், ஹார்மோன் வரத்து நின்றதும் புற்றுச் செல்கள் கொஞ்ச காலம் சுருண்டு கிடந்துவிட்டு அப்புறம் அந்தப் பஞ்சத்துக்குப் பழகிக்கொள்ளும். ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்ற அந்த ஆண் ஹார்மோன் அடிமட்டத்தில் இருக்கும்போதே பிஎஸ்ஏ ஏறும். முன்பு இதற்கு 'ஹார்மோனுக்கு அடங்காத நோய்' என்று பெயர் வைத்திருந்தோம். பெயர் முழுக்கச் சரியில்லை. அந்தச் செல்கள் ஹார்மோனை மறந்துவிடுவதில்லை. கிடைக்கிற துளியையும் விடாமல் பிடிக்கக் கற்றுக்கொள்கின்றன, சில சமயம் தாங்களே தயாரித்தும் கொள்கின்றன. அந்தத் தயாரிப்பையும் தடுக்கும் அபிராடெரோன் கொஞ்ச நாள் கேட்டது அதனால்தான். அதுவும் கேட்காமல் போன இடத்தில் கீமோ வருகிறது.

இந்த நோயில் கீமோவைச் சோதித்த கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உங்கள் கையில் இருக்கும் 24 பக்கத்தைப் படிக்க அது உதவும்.

1990கள் வரை புராஸ்டேட் புற்றுநோய்க்குக் கீமோ வீண் என்பதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். வயதானவர்கள், எலும்பெல்லாம் நோய், மருந்தைத் தாங்க மாட்டார்கள், ஆயுளும் கூடாது. டொரொன்டோவில் இயன் டானக் என்ற மருத்துவர் கேள்வியையே மாற்றிப் போட்டார். ஆயுள் கிடக்கட்டும், வலி குறைகிறதா? கனடாவில் 161 பேர் அந்த ஆய்வில் சேர்ந்தார்கள். பாதிப் பேருக்கு மைட்டோசான்ட்ரோன் என்ற கீமோவும் பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையும், மீதிப் பேருக்கு பிரெட்னிசோன் மட்டும். வலி மாத்திரையைக் கூட்டாமலேயே வலி தெளிவாகக் குறைந்தவர்கள் முதல் குழுவில் 29 சதவீதம், இரண்டாவது குழுவில் 12 சதவீதம். ஆயுளில் வித்தியாசம் இல்லை. ஆனாலும் 1996இல் அமெரிக்காவில் அந்த மருந்துக்கு அனுமதி கிடைத்தது, வலியைக் குறைத்ததற்காக. இரவில் புரண்டு படுக்க முடியாத மனிதர் ஒருவர் புரண்டு படுப்பதை ஒரு முடிவாக எண்ணலாம் என்று ஏற்றுக்கொண்டார்கள். எனக்கு அந்த ஆய்வின் மேல் தனி மரியாதை உண்டு.

அந்த மருந்தை இப்போது அதிகம் பயன்படுத்துவதில்லை. பழைய நர்ஸ்கள் மறக்க மாட்டார்கள்: பேனா மை மாதிரி கருநீலம். ஏற்றிய மறுநாள் சிறுநீர் நீலப் பச்சையாகப் போகும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் வீட்டில் ஒரே அலறல்தான்.

அடுத்து வந்தது உங்கள் அப்பாவுக்குச் சொல்லியிருக்கும் டோசிடாக்ஸெல். யூ என்ற ஐரோப்பிய மரத்தின் இலையிலிருந்து எடுக்கும் பொருளை மாற்றியமைத்துச் செய்வது. செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளே இழைகள் கட்டி, பிரித்து, மறுபடி கட்டுகிற வேலை நடக்கும். இந்த மருந்து கட்டிய இழையைப் பிரிய விடாது. சாரம் கட்டினவன் அவிழ்க்க முடியாமல் மாட்டிக்கொண்ட மாதிரி, செல் அங்கேயே நின்று செத்துப்போகும்.

2000க்கும் 2002க்கும் நடுவில் 24 நாடுகளில் 1006 பேரைச் சேர்த்து இதைச் சோதித்தார்கள். அதே டானக்தான் முன்நின்றார். மூன்று குழுக்கள். ஒன்றுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை டோசிடாக்ஸெல், இன்னொன்றுக்கு அதையே சின்ன அளவில் வாரா வாரம், மூன்றாவதற்கு அந்த நீல மருந்து. எல்லோருக்கும் கூடவே பிரெட்னிசோன். மருந்தின் நிறமே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் யாருக்கு எது என்பதை மறைக்கக்கூட வழியில்லை. 2004இல் முடிவு வந்தது. மூன்று வார முறையில் சராசரி ஆயுள் 18.9 மாதம், நீல மருந்தில் 16.5. வலி குறைந்தவர்கள் 35 சதவீதத்துக்கு எதிராக 22. வாரா வாரம் கொடுத்த குழுவில் பிஎஸ்ஏ மற்றக் குழுக்களைவிட ஒரு பிடி கூடுதலாகவே இறங்கியது, ஆனால் ஆயுள் 17.4 மாதம்தான், அந்த வித்தியாசத்தை நம்பி எதுவும் சொல்ல முடியவில்லை. ஒரே மருந்து, கொடுக்கும் விதம் வேறு, முடிவு வேறு. இதை ஊகித்துச் சொல்லியிருக்க யாராலும் முடியாது. கொடுத்துப் பார்த்துத்தான் தெரிந்தது.

இரண்டரை மாதம்கூட இல்லையே, இதற்கா இவ்வளவு என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்பார்கள். நான் சராசரி என்று எழுதியது வசதிக்காக. உண்மையில் அது நடுப்புள்ளி. அந்தக் குழுவில் பாதிப் பேர் அதற்கு முன் போனார்கள், பாதிப் பேர் அதைத் தாண்டி இருந்தார்கள். பிறகு எண்ணிப் பார்த்தபோது மூன்று வருடம் கடந்தும் இருந்தவர்கள் மூன்று வார டோசிடாக்ஸெலில் 18.6 சதவீதம், நீல மருந்தில் 13.5. அதோடு அபிராடெரோன் போன்ற மாத்திரைகள் அந்தக் காலத்தில் கிடையாது. ஆகவே 18.9 என்பதை உங்கள் அப்பாவுக்கு யாரோ எழுதி வைத்த தேதி என்று எடுத்துக்கொண்டு காலண்டரைப் பார்க்க வேண்டாம்.

இனி உங்கள் 'வாய்ப்பு'.

டோசிடாக்ஸெல் நிலைபெற்றதும் எல்லோருக்கும் ஒரே யோசனை: இதோடு இன்னொன்றைச் சேர்த்தால்? கடந்த 20 வருடத்தில் அப்படிச் சேர்த்துச் சோதித்தவற்றில் பெரும்பாலானவை தோற்றன. ரத்தக் குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் பெவாசிசுமாப்பை 1050 பேரிடம் சோதித்தார்கள். ஆயுள் சொல்லும்படி கூடவில்லை, பக்கவிளைவு கூடியது. லெனலிடோமைடு என்ற இன்னொரு மருந்தைச் சேர்த்துப் பார்த்தார்கள். சேர்த்த குழுவில் இறப்பு அதிகமாகி ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். கூடுதல் மருந்தின் தொந்தரவால் அவர்கள் வேலை செய்கிற மருந்தான டோசிடாக்ஸெலையே குறைந்த தவணைதான் வாங்க முடிந்தது.

எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது இன்னொன்று. வைட்டமின் டியின் வீரியமான வடிவம் ஒன்றை டோசிடாக்ஸெலோடு 250 பேரிடம் சோதித்தார்கள். பார்க்க நன்றாக இருந்தது, ஆயுள் கூடுவதுபோலத் தெரிந்தது. வைட்டமின்தானே, என்ன செய்துவிடும் என்றும் தோன்றியது. பெரிய ஆய்வு தொடங்கி 953 பேர் சேர்ந்தார்கள். அதையும் நடுவில் நிறுத்தவேண்டி வந்தது: வைட்டமின் குழுவில் 17.8 மாதம், மற்றக் குழுவில் 20.2. வைட்டமின் குழுவுக்கு டோசிடாக்ஸெலை வார முறையிலும் மற்றவர்களுக்கு மூன்று வார முறையிலும் கொடுத்தார்கள், அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். எப்படியானாலும், முதல் ஆய்வோடு நிறுத்திக்கொண்டு எல்லோருக்கும் எழுதிக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அதனால் 'புதிய மருந்து' என்ற சொல்லுக்கு 'மேலான மருந்து' என்ற பொருளை நீங்களே போட்டுக்கொள்ளாதீர்கள். மேலானது என்று தெரிந்திருந்தால் சோதிக்கவே தேவையில்லை. மருந்தில்லாத மாத்திரை விழுந்தால் அப்பா ஏமாந்துவிட்டார் என்றும் இல்லை. மேலே சொன்ன ஆய்வுகளில் வெறும் மாத்திரை விழுந்தவர்கள்தான் சில சமயம் அதிர்ஷ்டசாலிகள்.

அண்ணனுக்கும் பதில் இருக்கிறது. எலிக்கு யாரும் 24 பக்கம் எழுதிக் கொடுப்பதில்லை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நீங்கள் விவரித்த ஆய்வில் எந்தக் குழுவில் விழுந்தாலும் டோசிடாக்ஸெல் உண்டு. ஆய்வில் சேராமலிருந்தாலும் உங்கள் டாக்டர் அதைத்தான் கொடுக்கப்போகிறார். அதாவது அப்பாவுக்குக் கிடைக்கவேண்டிய வைத்தியத்தைப் பறித்துவிட்டு வெறும் மாத்திரை கொடுக்கவில்லை. புற்றுநோய்க் கீமோ ஆய்வுகளில் நடைமுறை பெரும்பாலும் இதுதான். அண்ணனுடைய சந்தேகம் முழுக்கத் தப்பு என்றும் சொல்ல மாட்டேன். நம் நாட்டில் மருந்து ஆய்வுகள் ஒழுங்கில்லாமல் நடந்து, உச்ச நீதிமன்றம்வரை போய், அதன் பிறகு சட்டம் இறுகிய வரலாறு உண்டு. 2019இல் வந்த விதிகளின்படி ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச வைத்தியமும் இழப்பீடும் ஆய்வை நடத்துபவர் பொறுப்பு. நெறிமுறைக் குழு என்று ஒன்று ஒப்புதல் தர வேண்டும். அதில் டாக்டர்கள் மட்டுமில்லாமல் சட்டம் தெரிந்தவர் ஒருவரும், மருத்துவத்துக்குச் சம்பந்தமில்லாத சாதாரண மனிதர் ஒருவரும் இருக்க வேண்டும். 2009இலிருந்து ஒவ்வொரு ஆய்வும் ஐசிஎம்ஆர் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தும் தேசியப் பதிவேட்டில் பதிவாக வேண்டும். படிவத்தின் முதல் பக்கங்களில் பதிவு எண் இருக்கும். அண்ணனிடம் அந்த எண்ணைக் கொடுத்து இணையத்தில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். யாருக்கும் திறந்திருக்கும் பதிவேடு அது. எண்ணே இல்லையென்றால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

கம்ப்யூட்டர் முடிவு செய்யும் என்பது பலருக்கு உறுத்தும். இத்தனை வருடம் படித்த டாக்டர் முடிவு செய்யக்கூடாதா? கூடாது. டாக்டர் மனிதர். கொஞ்சம் திடமாக, நடந்து வருகிற நோயாளியைப் பார்த்தால் 'இவர் தாங்குவார்' என்று புதிய மருந்துப் பக்கம் தள்ளுவார். துவண்டு வருபவரை மற்றப் பக்கம். கடைசியில் புதிய மருந்துக் குழு நீண்ட நாள் இருக்கும், மருந்தினால் என்று எல்லோரும் நம்புவோம். கோயிலில் திருவுளச்சீட்டு எடுப்பதைத் தெய்வம் சொல்கிறது என்பார்கள். இங்கே சீட்டு எடுப்பது டாக்டருடைய கை உள்ளே வராமல் இருப்பதற்காக. நானும் ஆய்வுகளில் வேலை பார்த்தவன். எனக்குப் பிடித்த நோயாளிக்கு எந்தக் குழு விழுகிறது என்று திரையைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரங்கள் உண்டு. அந்தக் கை வரக்கூடாது என்பது எனக்கே தெரியும்.

சரி, படிவத்தில் எதைப் பார்ப்பது? முதலில், இந்த ஆய்வு எதை அளக்கிறது என்று தேடுங்கள். 'முதன்மை நோக்கம்' என்ற மாதிரி ஒரு வரி இருக்கும். ஆயுளா, நோய் வளராமல் இருக்கும் காலமா, வலியா, பிஎஸ்ஏவா. சட்ராபிளாட்டின் என்று ஒரு மருந்து, மாத்திரையாகவே விழுங்கக்கூடியது. 950 பேரிடம் சோதித்ததில் நோய் வளர்வதைத் தள்ளிப்போட்டது. 2007இல் அமெரிக்க மருந்து ஆணையத்தின் ஆலோசனைக் குழு, ஆயுள் கணக்கு வரட்டும், பார்க்கலாம் என்றது. கணக்கு வந்தது, இரண்டு குழுவுக்கும் வாரக் கணக்கில்கூட வித்தியாசம் இல்லை. ஸ்கேனில் தள்ளிப்போனது வாழ்க்கையில் தள்ளிப்போகவில்லை.

அடுத்தது எத்தனையாவது கட்டம் என்பது. முதல் கட்டம் என்றால் மனிதர் எவ்வளவு தாங்குவார் என்று அளவு தேடும் ஆய்வு. அதில் சேர்பவர் பெரும்பாலும் அடுத்து வருபவருக்காகச் சேர்கிறார். இரண்டாவது, நோயில் ஏதாவது அசைவு தெரிகிறதா என்று பார்ப்பது. மூன்றாவது, இருக்கும் வைத்தியத்தோடு மோதவிட்டுப் பார்ப்பது. உங்கள் விவரத்தைப் பார்த்தால் மூன்றாவது மாதிரி இருக்கிறது, ஆனால் படிவத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

அப்புறம் வீட்டுக் கணக்கு. சாதாரணமாக மூன்று வாரத்துக்கு ஒருமுறை போக வேண்டிய இடத்தில் ஆய்வு என்றால் எத்தனை முறை? கூடுதல் ஸ்கேன், கூடுதல் ரத்தம், சில ஆய்வுகளில் கூடுதல் சதைப் பரிசோதனையும் உண்டு. முதுகெலும்பில் நோயோடு பஸ்ஸில் எத்தனை மணி நேரம்? போக்குவரத்துச் செலவு தருகிறார்களா, டோசிடாக்ஸெலுக்கு யார் காசு, ஆய்வு முடிந்த பிறகு மாத்திரை பலன் தந்துகொண்டிருந்தால் தொடர்ந்து கிடைக்குமா? இவற்றையெல்லாம் கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். முகம் சுளிக்கிற ஆய்வாளர் இருந்தால் அதுவே உங்களுக்கு ஒரு பதில்.

ஆய்வுக்கு வெளியேயும் ஒரு கேள்வி கேளுங்கள்: மரபணுப் பரிசோதனை செய்தாயிற்றா? பிஆர்சிஏ என்ற வகை மரபணுக்களில் மாற்றம் இருக்கும் சிலருக்கு வேறு மாத்திரைகள் உண்டு. டோசிடாக்ஸெலும் கேட்காமல் போனால் கபாசிடாக்ஸெல் என்ற அதன் தம்பி இருக்கிறது. 755 பேரிடம் சோதித்ததில் நீல மருந்தின் 12.7 மாதத்துக்கு எதிராக 15.1 மாதம் தந்து 2010இல் அனுமதி வாங்கியது. இந்த ஆய்வில் சேர்ந்தால் பிறகு இவற்றில் எதற்காவது கதவு மூடுமா என்றும் கேட்டுவிடுங்கள்.

ஆய்வோ இல்லையோ, டோசிடாக்ஸெல் ஏறப்போகிறது. எனவே வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். ஊசி போட்ட ஒரு வாரத்தில் வெள்ளை அணுக்கள் இறங்கும். அந்தச் சமயத்தில் காய்ச்சல் 100.4 காட்டினால் பாராசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். 1006 பேர் ஆய்வில் மூன்று வாரக் குழுவில் 32 சதவீதம் பேருக்கு வெள்ளை அணுக்கள் மோசமாக இறங்கின, ஆனால் காய்ச்சலோடு இறங்கியது 3 சதவீதம் பேருக்குத்தான். குறைவுதான், அந்த மூன்று பேரில் ஒருவராக இருந்து ராத்திரி முழுக்கக் காத்திருந்தவர்களைப் பார்த்திருப்பதால் சொல்கிறேன். முடி கொட்டும், நகம் கறுக்கும், விரல் நுனி மரத்துப்போகும். ஸ்பேனர் பிடித்த கைக்குச் சட்டைப் பொத்தான் போட வராமல் போனால் எரிச்சல் வரும், அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். அளவைக் குறைக்க முடியும். ஊசிக்கு முன் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையை நேரம் தவறாமல் போட வேண்டும். அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தால் அந்த நாட்களில் ஏறும். நாட்டு மருந்து ஏதாவது உள்ளே போய்க்கொண்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், கண்டிப்பாகத் திட்டு வாங்குவீர்கள், பரவாயில்லை.

முதல் சில வாரங்களில் பிஎஸ்ஏ ஏறினாலும் பதறாதீர்கள். மருந்து கேட்கிற சிலருக்கே முதலில் ஏறி அப்புறம் இறங்கும். 12 வாரத்துக்கு முன் அந்த எண்ணை மட்டும் வைத்து மருந்தை மாற்ற மாட்டோம். ஆனால் இது ஒன்று: காலில் திடீரென்று பலம் குறைந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, இடுப்புக்குக் கீழே மரத்தாலோ, அன்றே போக வேண்டும். முதுகெலும்பில் நோய் இருப்பவருக்குத் தண்டுவடம் நசுங்குவதன் அடையாளம் அது. மறுநாள் என்றால் கால் திரும்ப வராமல் போகலாம். வலி ஓரிடத்தில் குத்தலாக இருந்தால் கீமோவுக்குக் காத்திருக்காமல் கதிர்வீச்சு கேட்டுப் பாருங்கள். ஒரே ஒரு தடவை கொடுத்தே பலருக்கு வலி அடங்குகிறது.

இப்போது உங்கள் அப்பா.

மூன்று வருடமாக அவர் எந்த வார்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார்? அங்கே சுவரில் என்ன எழுதியிருக்கிறது? பக்கத்து நாற்காலியில் இருப்பவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள்? பஸ்ஸின் சத்தத்தைக் கேட்டே எந்தப் பாகம் போயிருக்கிறது என்று சொல்லிப் பழகியவர், விரையை நீக்கியது எலும்புத் தேய்மானத்துக்கு என்று நம்பிக்கொண்டிருக்கிறார் என்றா நினைக்கிறீர்கள்? எனக்கு நம்பிக்கை இல்லை. உங்களுக்கு வருத்தமாக இருக்குமே என்று அவரும், அவர் உடைந்துபோவாரே என்று நீங்களும் ஒருவருக்கொருவர் நாடகம் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். இப்படி எத்தனையோ வீடுகளைப் பார்த்துவிட்டேன். நோயாளி என்னிடம் தனியாக, "பிள்ளைகளுக்குத் தெரியவேண்டாம் டாக்டர், பாவம்" என்பார். வெளியே பிள்ளைகள் என்னிடம் அதையே சொல்வார்கள்.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளத்தை மாற்றியிருக்கிறேன். லேத் பட்டறையில் இருந்த பெரியவர். இதே மாதிரி ஆய்வு, இதே மாதிரி குடும்பம். மகன் கேட்ட கேள்விகள் எல்லாம் சதவீதம், மாதம், எந்த நாட்டுக் கம்பெனி. விஷயத்தைச் சொன்னபிறகு பெரியவர் படிவத்தை இரண்டு நாள் வைத்துக்கொண்டு, பென்சிலால் ஓரத்தில் கோடு போட்டுக் கொண்டுவந்தார். மூன்று கோடுகள். வயிற்றுப்போக்கு என்று எழுதியிருந்த இடத்தில் ஒன்று: "எங்க வீட்ல கக்கூஸ் பின்கட்டுல இருக்கு, ராத்திரி எத்தனை தடவை போகவேண்டி வரும்?" வருகை நாட்கள் அட்டவணையில் ஒன்று: பேத்தி கல்யாணத் தேதி அதில் மோதியது. 'எப்போது வேண்டுமானாலும் விலகலாம்' என்ற வரியில் ஒன்று: "இது நெசமா?" நிஜம்தான் என்றேன். எந்த நிலையிலும், காரணம் சொல்லாமல் விலகலாம், வழக்கமான வைத்தியம் நிற்காது. அந்த ஆய்வில் அவர் சேரவில்லை. டோசிடாக்ஸெல் மட்டும் போட்டுக்கொண்டார், கல்யாணத்துக்கு ஏற்ற மாதிரி தவணையை ஒரு வாரம் தள்ளி வைத்தோம். மகனுக்கு என் மேல் கொஞ்ச நாள் கோபம்.

நீங்கள் என்னைக் கேட்டிருப்பது சேர்க்கலாமா வேண்டாமா என்று. மூன்றாம் கட்ட ஆய்வு, இரு குழுவுக்கும் டோசிடாக்ஸெல், அளப்பது ஆயுளை, பயணம் தாங்கும், அவருக்கும் விருப்பம். இத்தனையும் இருந்தால் என் அப்பாவையே தடுக்க மாட்டேன். அவர் வேண்டாம் என்றால் வற்புறுத்தவும் மாட்டேன். அதனால் அவருடைய வைத்தியத்தில் பெரிதாக ஒன்றும் குறையாது. வியாழக்கிழமைக்குள் முடிவு சொல்ல முடியாவிட்டால் இன்னும் ஒரு வாரம் கேளுங்கள், கேட்டால் கிடைக்கும்.

அதற்கு முன் பேச வேண்டியதைப் பேசிவிடுங்கள். எப்படித் தொடங்குவது என்று தவிக்க வேண்டாம். "அப்பா, உங்களுக்கு என்ன உடம்புன்னு நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். மீதியை அவர் சொல்லக்கூடும். 'பரவியிருக்கிறது, முழுக்கப் போகாது, அடக்கி வைக்க மருந்து இருக்கிறது' என்ற மூன்றும் அவர் காதில் விழுந்தால் போதும், மாதக் கணக்கெல்லாம் அவர் கேட்டால் மட்டும். அம்மா அழுவார். அழட்டும். உங்களால் முடியாது என்று பட்டால் டாக்டரைச் சொல்லச் சொல்லுங்கள், ஆனால் நீங்களும் அந்த அறையில் இருங்கள்.

வியாழக்கிழமை போகும்போது பழைய எலும்பு ஸ்கேன்கள், சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள், தமிழில் எழுதிய படிவம் இவற்றை எடுத்துச் செல்லுங்கள். கொடுத்தது ஆங்கிலத்தில் இருந்தால் தமிழ்ப் படிவம் கேட்டு வாங்குங்கள், தர வேண்டியது அவர்கள் கடமை. கையெழுத்தான பிறகு ஒரு நகல் உங்களிடம் இருக்க வேண்டும். பீரோ சாவி கிடைத்துவிட்டது என்று சொல்லி, ஃபைலை இந்தத் தடவை அப்பாவே கையில் எடுத்துக்கொண்டு வரட்டும்.